அந்தாண்ட ஆள் கீதா

கார் என்றால் நாலு பேர் ஏற வேண்டும், பின்னால் ஒரு பை வைக்க இடம் வேண்டும், ஓட்டுகிறவனுக்குச் சுற்றிலும் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத வண்டியைக் கப்பலில் ஏற்றி, துறைமுகத்தில் மூன்று மாதம் காக்கப்போட்டு, ஆழ்வார்பேட்டை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திய புண்ணியவான் வக்கீல் வெங்கடரமணனின் பிள்ளை சுஹாஸ். தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஆடி முடிந்து ஆவணி பிறந்த வாரம். ஆறு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டான். வண்டியும் பின்னாலேயே வந்தது.

சிவப்பு வண்டி. நின்றால் என் இடுப்பு உயரம்கூட வராது. இரண்டே பேர்தான் உட்காரலாம், அதுவும் காலை நீட்டிப் படுத்தமாதிரி. முன்பக்கம் மூக்கு நீளம். பின்பக்கக் கண்ணாடி தபால்பெட்டி வாய் அளவு. கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்குகிற தூண், இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம். அழகுக்காக அப்படிச் செய்தார்களாம். அதைவிடக் கூத்து, ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊர் வண்டியில் ஓட்டுகிறவன் ரோட்டின் நடுப்பக்கமாக உட்கார்ந்திருப்பான். முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்டலாமா என்று எட்டிப் பார்த்தால் தெரியும். இதில் அவன் பிளாட்பாரத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டே அடையாறு வரைக்கும் போய்ச் சேர வேண்டியதுதான்.

சுஹாஸுக்கு இந்த ஊர் லைசென்ஸ் இன்னும் வரவில்லை. வருகிறவரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள், அங்கமுத்து ஓட்டட்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அங்கமுத்து எங்கள் நொச்சிக்குப்பத்துக்காரன். எனக்கு எதிர்வீடு என்பதால் அவனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். அவன் அப்பன் கட்டுமரக்காரன். இவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் அலையைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும். குப்பமே சிரித்தது. அந்த ரோஷத்தில் லாரிக்கு கிளீனராக ஓடியவன், ஸ்டியரிங் பிடித்து, லைசென்ஸ் வாங்கி, வக்கீல் வீட்டு அம்பாசடரில் ஏறி உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒரு கீறல் கிடையாது. சுஹாஸை எல்.கே.ஜி.யில் கொண்டுபோய் விட்டவனும் அவன்தான்.

ஆழ்வார்பேட்டை முனைக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வீட்டு டிரைவர்கள் கூடுவார்கள். வேலை தேடுகிற டிரைவரும் அங்கேதான் வருவான், டிரைவர் தேடுகிற வீட்டுக்காரரும் அங்கேதான் வருவார். அந்த மரத்தடியில் ஒருவனைப் பற்றி என்ன பேச்சோ அதுதான் அவனுக்குச் சோறு. ஆர்.டி.ஓ. கொடுக்கிற லைசென்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சிவப்பு வண்டியை முதல் நாள் ஓட்டிவிட்டு வந்த அன்று சாயங்காலம் அங்கமுத்து முதுகைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். அவன் பெண்சாதி பச்சையம்மா, அன்றைக்கு விற்காமல் நின்ற காரப்பொடி மீனை அருவாமனையில் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, புது வண்டி எப்டி கீது?"

"வண்டியா அது? சவப்பொட்டிமே. படுத்துகினு ஓட்டணும்."

"இஸ்பீடா போவுமாமே?"

"போவும். எங்க போவுதுன்னுதான் தெரியாது. இந்தாண்ட பாத்தா தூணு. அந்தாண்ட பாத்தா தம்பி தல, அதுக்கு அந்தாண்ட இன்னொரு தூணு. பஸ்ஸு பின்னால நின்னேன்னா முன்னால ஒண்ணும் தெரியாது, வலது கை பக்கம் எவன் வர்றான்னும் தெரியாது."

"அப்ப எப்டி ஓட்டுன?"

"தம்பிய கேட்டுகினேதான் ஓட்டுனேன். அந்தாண்ட ஆள் கீதா தம்பி? அந்தாண்ட ஆள் கீதா தம்பி? இல்லன்னு சொன்னா ஸ்டியரிங்க ஒடிப்பேன்."

"அவுருதான் உன் கண்ணுன்னு சொல்லு."

"அப்டித்தான் வச்சிக்கயேன்."

பச்சையம்மா மீன் தலையைத் தனியாகத் தள்ளினாள். "என் கண்ண இன்னொருத்தன் மூஞ்சியில வச்சிகினு நான் ஒரு காரப்பொடி கூட ஆய மாட்டேன்பா," என்றாள். அங்கமுத்து சிரித்தான். அன்றைக்கு எல்லாருமே சிரித்தோம்.

பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் வியாழக்கிழமை காலை, சாந்தோம் நெடுஞ்சாலையில் அது நடந்தது.

புழுக்கமான நாள். ராத்திரி ஒரு தூறல் போட்டுவிட்டு நின்றிருந்தது, கடல்காற்று வரவில்லை. வண்டியில் ஏ.சி. வேலை செய்யவில்லை என்று இரண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒரு பஸ் நின்று ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. அங்கமுத்து அதன் பின்னால் நிறுத்தினான். கண்ணாடியைப் பார்த்தான், தலையைத் திருப்பிப் பார்த்தான். வழக்கப்படி, "அந்தாண்ட ஆள் கீதா தம்பி?" என்று கேட்டான். சுஹாஸ் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னான். அங்கமுத்து வலது பக்கம் ஒடித்தான். மடேர் என்று ஒரு சத்தம். மொபெட்டில் வந்த ஒரு பெண் ரோட்டில் கிடந்தாள்.

வேகம் இல்லை. அதனால் பிழைத்தாள். வலது மணிக்கட்டு மட்டும் முறிந்துவிட்டது. ஆனால் கூட்டம் கூடிவிட்டது, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சுஹாஸ், முகம் வெளுத்துப்போய், "சொன்னேனே அங்கமுத்து, நான்தான் சொன்னேனே. கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினான்.

அங்கமுத்து மொபெட்டை ஓரமாகத் தள்ளி நிறுத்தினான். அந்த அம்மாளைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். மாவுக்கட்டுப் போடுகிறவரை கூடவே நின்றான். அவள் பெயர் வஜீஹா, திருவல்லிக்கேணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் என்பது அங்கேதான் தெரிந்தது.

மத்தியானம் வக்கீல் வீட்டில் பெரியவர் அவனைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் அவனுக்கு இன்னும் பொறுக்கவில்லை. "கொஞ்ச நாள் ஆத்துலயே இரு அங்கமுத்து. கண்ணைக் காமிச்சுண்டு வா. திங்கட்கிழமைலேர்ந்து வேற ஒருத்தரைப் பாத்துக்கறோம்," என்றார். சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தான்.

கெட்ட செய்திக்குக் கால் முளைத்துவிடும் என்பார்கள். இதற்கு நான்கு சக்கரமே இருந்தது. சாயங்காலத்துக்குள் மரத்தடி முழுக்க, "அங்கமுத்துக்குக் கண்ணு போச்சாம்" என்றாகிவிட்டது. பட்டினப்பாக்கத்து ஏசுபாதம், முப்பது வருஷ டிரைவர், அங்கமுத்துவுக்குப் பழைய சினேகிதன், அவனே என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான். "இன்னா நைனா, சுத்தமாவே தெரியலியாமே?" கை போனாலும் கால் போனாலும் டிரைவரைப் பார்த்துப் பாவம் என்பார்கள். கண் போச்சு என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அவன் வண்டியில் எவனும் ஏற மாட்டான்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அங்கமுத்துவைப் பார்த்தால் அவனுக்கு ஆத்திரமே இல்லை, பயம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடலில் நிற்கிற கப்பலைப் பார்க்கிறான். அப்புறம் இந்தக் கண்ணை மூடுகிறான். கலங்கரை விளக்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற காக்காயை எண்ணுகிறான். பச்சையம்மா பழைய சோறும் சுட்ட கருவாடும் வைத்தாள். தொடவில்லை.

"துன்னுய்யா."

"வேணாம்."

"கண்ணு போனா வாயும் பூடுமா? துன்னு."

"பச்ச, நான் பாத்தேன்மே. கண்ணாடியும் பாத்தேன், திரும்பியும் பாத்தேன். அங்க யாரும் இல்ல. ஒரு முழு பொம்பள, ஒரு முழு வண்டி. எனக்குத் தெரியல. அப்ப இன்னா அர்த்தம்?"

"தம்பி இன்னா சொன்னாரு?"

"ரைட்டுன்னாரு."

"அப்பால இன்னா?"

"அதான் சொல்றேன், அவுரு ரைட்டுன்னாரு. நான் ஒடிச்சேன். இப்ப சொன்னேனே சொன்னேனேன்றாரு. நடுரோட்ல அவ்ளோ ஜனத்துக்கு முன்னால எதுத்துப் பேச முடியுமா? எல்.கே.ஜி.லேருந்து பாத்த புள்ள, பொய் சொல்லாதுமே. என் காதும் பூட்ச்சோ இன்னாவோ."

பச்சையம்மா தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "எழுந்துரு. மொதல்ல கண்ண காட்டிட்டு வருவோம். மிச்சத்த அப்பால பாத்துக்கலாம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு ஒரு மீன்காரி கிளம்புகிறாள் என்றால் லேசான காரியம் இல்லை. வஞ்சிரம் இறங்குகிற நாள் வேறு. கண் டாக்டர் சொட்டுமருந்து விட்டுப் பார்த்தார், எழுத்தைப் படிக்கச் சொன்னார். கிட்டத்தில் படிக்கத்தான் கண்ணாடி வேண்டும், தூரப்பார்வை இருபது வயசுப் பையனுக்கு இருக்கிறமாதிரி இருக்கிறது என்று சொல்லி எழுதியும் கொடுத்தார்.

இதைக் கேட்டு அங்கமுத்து சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவனோ இன்னும் இடிந்துபோனான். "கண்ணு நல்லா கீது, நான் பாக்கல. இது அத்தவிட மோசம்மே," என்றான். சொட்டுமருந்தால் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதில் அழுகை எவ்வளவு மருந்து எவ்வளவு என்று பச்சையம்மாவுக்கே தெரியவில்லை.

"வா, அந்த டீச்சரம்மாவ பாத்துட்டு வரலாம்," என்றாள்.

"அவங்க திட்டுவாங்க."

"திட்டட்டும். கை ஒடிச்சியே, திட்டக்கூட உட மாட்டியா?"

வஜீஹாவின் வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி. பச்சையம்மா ஒரு முழு வஞ்சிரத்தை ஆய்ந்து துண்டுபோட்டு வாழை இலையில் கட்டி எடுத்துப் போயிருந்தாள். தையல் மெஷின் மேல் வெட்டிய துணிகள் அப்படியே கிடந்தன. வஜீஹா கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் தொங்கிய கையோடு வந்து கதவைத் திறந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும்.

"வாங்க. என்ன பாக்கறீங்க, கையா? இதோ இருக்கு. ஆறு வாரம் ஊசி பிடிக்கக் கூடாதாம். பரீட்சைக்கு நாப்பது புள்ளைங்க நிக்குது."

"மன்னிச்சிக்கமா," என்றான் அங்கமுத்து.

"எனக்கு ஒண்ணுதான் புரியல அண்ணே. நீங்க ஏனோதானோன்னு ஓட்டற ஆளு இல்ல. நான் பின்னால வரும்போதே பாத்தேன், அந்தச் சின்னக் கண்ணாடி வழியா உங்க தலை இந்தப் பக்கம் திரும்புச்சு. சரி, நம்மளப் பாத்துட்டாருன்னு நெனச்சேன். அப்புறமும் நான் உடனே போகல. உங்க வண்டி பக்கத்துல வந்து நின்னேன். அந்தத் தம்பி சொன்னதுக்கு அப்புறம்தான் போனேன்."

பச்சையம்மா நிமிர்ந்தாள். "எந்தத் தம்பி? இன்னா சொன்னாரு?"

"உள்ள உக்காந்திருந்தாரே, அவருதான். என் மூஞ்சிய நேராப் பாத்து 'ரைட்'டுன்னாரு. போகச் சொல்றாரேன்னு நான் ஆக்ஸிலேட்டர திருகுனேன். நீங்க வந்து இடிச்சிட்டீங்க."

கீழே சந்தில் ஒரு காய்கறி வண்டிக்காரன் முருங்கைக்காய் விலை சொல்லிக்கொண்டு போனான்.

"எனுக்கும் ரைட்டு, உங்களுக்கும் ரைட்டா?" என்றான் அங்கமுத்து.

"யோவ்," என்றாள் பச்சையம்மா. "நீ இன்னா கேட்ட தம்பிய?"

"அந்தாண்ட ஆள் கீதான்னு கேட்டேன்."

"அவுரு அமெரிக்காவுல ஆறு வருசம் இருந்தவரு. அவுருக்கு ரைட்டுன்னா இன்னா?"

அங்கமுத்து தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். இந்தக் கை. வலது பக்கம் ஆள் இருக்கிறது என்று பிள்ளை சொல்லியிருக்கிறான். சொன்னேனே சொன்னேனே என்று கத்தினது நிஜம்தான். சென்னையில் பிறந்து பஸ்ஸில் வளர்ந்தவனுக்கு ரைட் என்றால் போ. கண்டக்டர் இரண்டு தடவை தட்டி ரைட் என்றால் கவர்னர் வீட்டு வாசலானாலும் பஸ் நகரும். அங்கமுத்துவுக்கு அது போ. மொபெட்டில் நின்ற டீச்சருக்கும் அது போ. சுஹாஸ் ஒருவனுக்குத்தான் அது நில் என்று அர்த்தம். இரண்டு பேரும் சொன்ன சொல் தட்டாமல் கிளம்பி ஒருவர் மேல் ஒருவர் போய் விழுந்திருக்கிறார்கள்.

முதலில் சிரித்தது வஜீஹாதான். கை வலிக்க வலிக்கச் சிரித்தாள். "அய்யய்யோ, நல்லாச் சொல் பேச்சு கேட்டேன் போங்க," என்றாள். அங்கமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் இரண்டு நாளில் முதல் தடவையாக ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்தான்.

வீடு திரும்பும்போது அவன், "சரி, வார்த்தை போவட்டும். திரும்பிப் பாத்தனே, அப்ப ஏன் தெரியல?" என்று மறுபடியும் ஆரம்பித்தான்.

"இருவது வருசமா ரோட்டோரம் தரையில உக்காந்துகினு மீன் விக்கறேன்," என்றாள் பச்சையம்மா. "எந்த டிரைவர் என்னப் பாக்கறான், எவன் பாக்கறமாதிரி போறான்னு எனுக்கு அத்துப்படி. மூஞ்சி இந்தாண்ட திரும்பும். கண்ணுக்கும் எனுக்கும் நடுவுல எதுனா ஒண்ணு நிக்கும். அப்ப கூடைய உள்ள இஸ்துக்குவேன். ஞாயித்துக்கெயம வக்கீல் ஊட்டுக்குப் போறோம். நான் காட்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பச்சையம்மா ஐந்து கூடைகளோடு ஆழ்வார்பேட்டையில் இறங்கினாள். நானும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். வேடிக்கை பார்க்கிற ஆசைதான், மறைப்பானேன். முந்தின நாள் சாயங்காலமே கூடைகளைச் சீயக்காய் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்திருந்தாள். அப்படியும் வக்கீலின் சம்சாரம் நீரஜா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஊதுவத்தி ஏற்றியது எனக்குத் தெரியும்.

வெங்கடரமணன் காபி டம்ளரோடு போர்ட்டிகோவுக்கு வந்தார். சுஹாஸும் வந்தான். அவன் முகமும் சரியாகத் தூங்கின முகமாக இல்லை.

"என்னம்மா இதெல்லாம்?" என்றார் வக்கீல்.

"ஊட்டுக்காரர் கண்ணு போச்சுன்றாங்க சார். டாக்டர் சீட்டு தோ. கண்ணு நல்லா கீது. அப்ப வேற எங்க கோளாறுன்னு பாக்கணும். தம்பிய கொஞ்சம் வண்டியில உக்காரச் சொல்லுங்க, டிரைவர் சீட்டுல."

"இதென்ன, கோர்ட்ல ஸ்பாட் இன்ஸ்பெக்‌ஷன் மாதிரின்னா இருக்கு. உக்காருடா," என்றார். அவருக்கு அந்த மாதிரி விஷயம் பிடிக்கும்.

சுஹாஸ் உட்கார்ந்தான். பக்கத்து சீட்டில் அங்கமுத்துவை உட்கார வைத்தாள். பிறகு வண்டியின் வலது பக்கமாக, பின்னாலிருந்து முன்னால், ஒவ்வொரு கூடையாகக் கவிழ்த்து வைத்தாள். நடுவில் மட்டும் கூடை மேல் கூடையாக அடுக்கினாள். இன்னொரு கூடைக்குப் பதிலாக என்னை முன்னால் ஒரு இடத்தில் நிறுத்தினாள். நான் போன வேலை அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"கண்ணாடியில பாருங்க தம்பி. அப்பால திரும்பிப் பாருங்க. எத்தினி கீது?"

"பின்னாடி ரெண்டு தெரியறது. முன்னாடி ஒரு ஆள் நிக்கறார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நான் எங்க கீறேன்?"

சுஹாஸ் கண்ணாடியைப் பார்த்தான். திரும்பினான். அங்கமுத்துவின் தலைக்கு இந்தப் பக்கமாகவும் அந்தப் பக்கமாகவும் குனிந்து பார்த்தான். "நீங்க அந்தப் பக்கம் போயிட்டேளா? குரல் கிட்டக்க கேக்கறது," என்றான்.

"எறங்கி வந்து பாருங்க."

அவன் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தான். வலது கதவுக்கு ஒரு முழம் பின்னால், தூணுக்கு நேரே, கையை எட்டினால் தொடுகிற தூரத்தில் பச்சையம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் இடுப்பு உயரத்துக்கு மூன்று கூடை அடுக்கு வேறு. மூன்று கூடையும் ஒரு பொம்பளையும் முழுசாக மறைந்து நின்றிருந்தார்கள்.

"இந்த எடத்துலதான் தம்பி அந்த டீச்சரம்மா நின்னாங்க," என்றாள்.

சுஹாஸ் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தான். "இதுக்குப் பேரு பிளைண்ட் ஸ்பாட். எல்லா வண்டியிலயும் உண்டு. நேக்குத் தெரியும்," என்றான்.

"பேரு தெரிஞ்சி வச்சிகினு கீறீங்க. எடம் தெரியல."

அங்கமுத்து வண்டிக்குள்ளிருந்து இறங்கவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டி வெளிக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டிருந்தான். "தம்பி, இப்ப உக்காந்து பாருங்க. இத்தினி நாளும் இந்தக் கண்ணாடில நம்ம வண்டி கதவுதான் பாதி தெரிஞ்சிகினு இருந்துச்சு. நம்ம வண்டியவே பாத்துகினு இருந்தா ரோட்ட எப்ப பாக்கறது? கதவு மறையற வரைக்கும் வெளிய தள்ளுங்க," என்றான். சுஹாஸ் மறுபடி உட்கார்ந்தான். "கூடை தெரியறது. ஒண்ணு. இன்னும் கொஞ்சம். பச்சையம்மா கை தெரியறது," என்றான். புதுப்பேட்டையில் ஒரு சின்ன உருண்டைக் கண்ணாடி கிடைக்கும், அதை இதன் மூலையில் ஒட்டிவிட்டால் மிச்சமும் தெரியும் என்றான் அங்கமுத்து. பேசப்பேச அவன் முதுகு நிமிர்ந்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது.

பிறகு பச்சையம்மா ரைட் கதையைச் சொன்னாள். வக்கீல் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ என்ன வார்த்தை சொன்னே?" என்று பிள்ளையைக் கேட்டார்.

"ரைட்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"வலது பக்கம் ஒரு ஸ்கூட்டர் நிக்கறதுன்னு அர்த்தம். வேற என்ன அர்த்தம்?"

"ஸ்கூட்டர் நிக்கறதுன்னு சொன்னியா?"

"அவ்ளோ நேரம் எங்கே இருக்கு அப்பா? ரைட்னேன்."

"ஏன்டா, இந்த ஊர்ல கண்டக்டர் ரைட்னு சொன்னா பஸ் வலது பக்கமாவா திரும்பறது?"

அந்த ஒரு கேள்வியில் சுஹாஸின் ஆறு வருஷ அமெரிக்கா இறங்கிப்போனது. காது மடல் சிவந்துவிட்டது. அங்கமுத்து பக்கம் திரும்பி, "சாரி அங்கமுத்து. நான் கத்தியிருக்கப்படாது. நாளைலேர்ந்து நீங்களே வாங்கோ," என்றான்.

வக்கீல் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து நீட்டினார். அங்கமுத்து வாங்கவில்லை.

"வரேன் சார். அதுக்கு முன்னால தம்பி ஒண்ணு செய்யணும். மரத்தடிக்கு வந்து சொல்லணும்."

"என்னன்னு?"

"எனுக்குக் கண்ணு போச்சுன்னு நடுரோட்ல சொன்னாரு. அது மரத்தடிக்குப் போயி, பட்டினப்பாக்கம் போயி, இப்ப எங்க குப்பத்துல சின்னப் புள்ளைங்க என் முன்னால ரெண்டு வெரல காட்டி இது எத்தினின்னு கேக்குதுங்க. உங்க ஊட்ல நீங்க சாவி குடுத்தீங்கன்னா உங்களோட போச்சு. நாளைக்கு உங்களுக்கு நான் வேணாம்னா வேற எவன் என்னக் கூப்புடுவான்? மனசு வலிக்குது சார். பத்தொம்போது வருசம் சார்."

கிடைத்த சாவியை வேண்டாம் என்கிறானே, வக்கீல் போய்த் தொலை என்றால் என்ன செய்வான்? பச்சையம்மா மட்டும் அசையாமல் நின்றாள். வெங்கடரமணன் பிள்ளையைப் பார்த்தார். "பொதுவுல சொன்னதைப் பொதுவுலதான் வாபஸ் வாங்கணும். அதான் முறை. போயிட்டு வா," என்றார். "அங்கமுத்து, அந்த டீச்சருக்குக் கை சரியாகற வரைக்கும் ஸ்கூல்ல கொண்டு விட்டு அழைச்சுண்டு வா. அம்பாசடர எடுத்துக்கோ."

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. நான் முன்னாலேயே மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன். பன்னிரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். சிலர் வண்டி துடைத்துக்கொண்டும், சிலர் நாஷ்டா முடித்து டீ குடித்துக்கொண்டும் இருந்தார்கள். அங்கமுத்துவும் சுஹாஸும் அம்பாசடரில் வந்து இறங்கினார்கள். வக்கீல் வீட்டுப் பிள்ளை மரத்தடிக்கு வந்ததைப் பார்த்து ஏசுபாதம் டீ டம்ளரோடு எழுந்து நின்றான்.

சுஹாஸுக்கு எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு யாரையும் பார்க்காமல், மரத்தைப் பார்த்துப் பேசினான்.

"அங்கமுத்துவுக்குக் கண்ணு நன்னா இருக்கு. டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். அன்னிக்கு நான் சொன்னது தப்பு. எல்லாருக்கும் முன்னாடி சொன்னேன். அதான் எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும்னு வந்தேன்."

ஏசுபாதம்தான் கேட்டான். கேட்டே தீர்வான் அவன்.

"அப்ப யாரு தம்பி இடிச்சது?"

சுஹாஸ் இப்போது ஏசுபாதத்தைப் பார்த்தான். "நான்தான்னு வெச்சுக்கோங்கோ. நான் சொன்ன வார்த்தையாலதான்," என்றான்.

இதோடு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அங்கமுத்து கேட்டது கிடைத்துவிட்டது. பெரிய இடத்துப் பிள்ளை பன்னிரண்டு டிரைவர்களுக்கு முன்னால் தலையைக் குனிந்து பழியையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. பேசாமல் சாவியைச் சுழற்றிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

"அத்த வுடு தம்பி," என்றான் அங்கமுத்து. முன்னால் வந்து நின்றான். "ஏசு, அவுரு பக்கத்து சீட்டுல உக்காந்துகினு இருந்தாரு. ஸ்டியரிங் என் கையில இருந்துச்சு. தூணு மறைக்குதுன்னு பத்து நாளா எனுக்குத் தெரியும். கண்ணாடிய தள்ளி வச்சிருக்கணும், ஒடம்பத் தூக்கி எட்டிப் பாத்திருக்கணும். சோம்பேறித்தனம். இன்னொருத்தர் வாய் வார்த்தைய நம்பி ஒடிச்சேன். ஒரு பொம்பளைக்குக் கை ஒடிஞ்சிது. இடிச்சது நான். கண்ணு மட்டும் நல்லா கீது."

டிரைவர்கள் வாயிலிருந்து நான் எத்தனையோ ஆக்ஸிடென்ட் கதை கேட்டிருக்கிறேன். எதிரே வந்தவன் குடித்திருந்தான், பிரேக் பிடிக்கவில்லை, மாடு குறுக்கே வந்தது. இடிச்சது நான் என்று ஒருவனும் சொல்லிக் கேட்டதில்லை. ஏசுபாதம் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

அங்கமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "டீச்சரம்மாவுக்கு எட்டே காலுக்கு பெல்லு," என்று சொல்லி வண்டியை எடுத்தான்.